தானாக உடைந்த சாமான்கள்

"இந்த வீட்டுல உருப்படியா ஒரு சாமான் மிச்சம் இருக்கா? சொல்லு!"

அப்பா டார்ச் லைட்டை மேசைமேல் வைத்தார். தலை தனியாக, உடல் தனியாக.

லிஃப்ட் மெக்கானிக்கான மகன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"போன வாரம் மிக்ஸி. முந்தாநாள் குடை. இன்னைக்கு இது. இருபது வருஷமா கல்லு மாதிரி இருந்துச்சு!"

"விடுங்கப்பா. பழசு."

"நானும்தான் பழசு. உடைஞ்சா போயிட்டேன்?"

அப்பா ஒரு ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தில்லாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே விட்டவரில்லை. வீட்டிலும் அப்படித்தான். பற்பசை தீர்ந்தால் டியூபைக் கத்தரியால் பிளந்து, உள்ளே வழித்து, இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்.

"இந்தா, உன் பெண்டாட்டிகிட்டயே குடு. குப்பைக்குப் போறது அங்க போகட்டும்."

அவள் ஏற்கெனவே வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். டார்ச்சின் தலைக்குள் இருந்த பளபளப்பான கிண்ணத்தை மட்டும் எடுத்து விரலில் கவிழ்த்துப் பார்த்தாள்.

"மணி செய்யலாம்" என்றாள், யாரிடமும் என்றில்லாமல்.

ஜூன் மாதம் பிரசவத்துக்கு இரண்டு பேராகப் போனவர்கள் இரண்டு பேராகவே திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். குளி என்றால் குளித்தாள்.

நவம்பர் கடைசியில் சுவர்க்கடிகாரம் நின்றுபோனது. அவளாக எழுந்து வந்தாள். அதைப் பிரித்துப் பல்சக்கரங்களைக் கம்பியில் கோத்து ஒரு நட்சத்திரம் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டாள்.

"கிறிஸ்துமஸ் வருதில்ல" என்றாள்.

அன்றைக்கு அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

அதன் பிறகுதான் வீட்டில் ஒவ்வொன்றாக உடைய ஆரம்பித்தது. குடைக்கம்பிகள் கிறிஸ்துமஸ் மரமாயின. மிக்ஸி பிளேடுகள் பூக்களாயின. டேபிள் ஃபேனின் வலைக்கூண்டு ஒரு பெரிய வளையமாகி வாசலுக்கு வந்தது.

ஆனால் அவன் மெக்கானிக். டார்ச்சின் திருகு மரையைத் தடவிப் பார்த்தான். புதுக் கீறல். தானாக உடைகிற எதிலும் ஸ்க்ரூ டிரைவர் தடம் இருக்காது.

அறைக்குள் போய் அவளிடம் கேட்டான். "ஏம்மா, உண்மையைச் சொல்லு. நல்லா இருக்கிறதைக் கழட்டுறியா?"

"ஓடுறதை நான் எதுக்குங்க தொடப்போறேன்? அதுக்கு வேலை இருக்கே. உடைஞ்சது போதும் எனக்கு."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் நம்பவில்லை. செய்வது இவளுக்கே தெரியவில்லையோ என்று பயம் வந்தது. இன்றைக்கு டார்ச். நாளைக்கு அடுப்பில் கைவைத்தால்?

மொட்டைமாடிக்குப் போய் அவளுடைய அண்ணனுக்கு போன் போட்டான்.

"மச்சான், நான் வேலைக்குப் போயிடுறேன். அப்பாவுக்கு வயசாச்சு. பார்த்துக்க ஆளில்லை. ஒரு மாசம் உங்க வீட்டுல இருக்கட்டும்."

"இப்பதானே எழுந்து உட்கார்ந்திருக்கா. இடத்தை மாத்தினா மறுபடியும் படுத்துக்கப் போறா, மாப்பிள்ளை."

"எனக்கும் அதே பயம்தான். ஆனா வேற வழி தெரியல."

"சரி. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை அவன் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்தான். அவளிடம் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி.

அவள் முன்னறையில் ஸ்டூல்மேல் நின்று டார்ச் மணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாயில் நூல். அவன் வந்ததைக் கவனிக்கவில்லை.

பின்பக்கம் துணி துவைக்கும் இடத்திலிருந்து பாட்டுச் சத்தம். அப்பாவின் ரேடியோ. யாரையும் தொடவிடாமல், தினம் துடைத்து, துணி உறை போட்டு மூடி வைக்கிற ரேடியோ.

எட்டிப் பார்த்தான்.

அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். மடியில் ரேடியோ. உறை பக்கத்தில் மடித்துக் கிடந்தது. கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"கத்தாதேடா. முன்னாடி இருக்கா."

அவன் ஸ்க்ரூ டிரைவரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப டார்ச்சு... மிக்ஸி... குடை..."

"கடிகாரம் தானாத்தான் நின்னுது. அதுல நான் கைவைக்கல."

"தினம் காலைல அந்தக் கத்து கத்தினீங்களே!"

"கத்தலைன்னா நம்புவாளா?"

அவன் தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். "அவதான் உடைக்கிறான்னு நினைச்சு மச்சானை வரச் சொல்லிட்டேன்பா. கூட்டிட்டுப் போக வந்துட்டிருக்கார்."

"வந்தா சாப்பிட்டுட்டுத் தனியாப் போகச் சொல்லு."

ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. அப்பா ஒரு ஸ்க்ரூவில் டிரைவரை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"காலைல அவளா வந்து என் முன்னாடி நின்னா. 'வேற எதுவும் உடையலையா மாமா?'ன்னு கேட்டா. ஜூனுக்கு அப்புறம் அவளா என்கிட்ட கேட்ட முதல் வார்த்தைடா அது. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

ரேடியோவை அணைக்காமலே மகன் கையில் கொடுத்தார்.

"எனக்குக் கை வர மாட்டேங்குது. நீயே கீழ போடு."