குறையாத குப்பி

கிளமெண்டின் சவப்பெட்டி மூடுவதற்குத் தயாராக இருந்தது. இஸ்ரவேல் சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் குப்பியை எடுத்தார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி செலின், கிளமெண்டின் மூடிய இமைகளையே பார்த்தாள்.

ஒவ்வொரு அடக்கத்திலும் அவளுக்கு இப்படித்தான். அவர் குப்பியின் மூடியைத் திருகும்போதெல்லாம், பெட்டிக்குள் படுத்திருப்பவர் கண்ணைத் திறந்து, இது என்ன மண் என்று கேட்டுவிடுவாரோ என்றிருக்கும்.

இஸ்ரவேல் சபைச் செயலர். அரசாங்கத்தில் செக்‌ஷன் ஆபீசர். எருசலேமுக்கு யாத்திரை போய்வந்த பிறகு இந்த இரண்டு பட்டமும் அவருக்கே சிறிதாகப் பட்டன. தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில், பெயருக்குக் கீழே 'புனித பூமி யாத்ரீகர்' என்று பித்தளையில் ஏற்றினார்.

அதன்பின் சபையில் யார் இறந்தாலும், பெட்டி மூடுமுன் அவர் வந்து எருசலேம் மண் ஒரு சிட்டிகை தூவியாக வேண்டும். போதகரே இரண்டடி தள்ளி நின்று இடம் விடுவார்.

அந்த மண்ணைத்தான், வந்த அன்றே, செலின் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள்.

யாத்திரையிலிருந்து திரும்பியவர் ஒரு பிளாஸ்டிக் பையைப் பால்கனி டிரம்மின்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அது ஒரு காலத்தில் அரிசி டிரம். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது பூனையை விட்டுப்போனதிலிருந்து அதில் பூனை மணல்; பூனை வெளிக்குப் போகத் தட்டில் பரப்பும் வெள்ளை மணல். ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், அந்த மணல் கட்டி பிடித்துக்கொள்ளும். வீட்டில் இறுக்கமான மூடி உள்ளது அந்த டிரம் ஒன்றுதான். அதன்மேல் எப்போதும் ஒரு பழைய மேசைவிரிப்பு கிடக்க வேண்டும் என்பது இஸ்ரவேலின் உத்தரவு. செயலர் வீட்டில் பூனைக் கக்கூஸ் இருப்பது சபையார் கண்ணில் படலாமா?

ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து வந்த செலின் பையை முகர்ந்து பார்த்தாள். நாறியது. அதிசயமாக மனுஷர் பூனைத் தட்டைச் சுத்தம் செய்து கட்டி வைத்திருக்கிறாரே என்று மனம் உருகி, கீழே நின்ற குப்பை வண்டியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

மேலே வந்தால் குளியலறையிலிருந்து குரல். "ஏட்டி, டிரம்முமேல இருக்கது எருசலேம் மண்ணு. நல்ல குப்பியா பாத்துப் போட்டு வை, என்ன?"

"வச்சாச்சு" என்றது செலினின் வாய். கை டிரம்மைத் திறந்துகொண்டிருந்தது.

ஒரு பிடி அள்ளி, மிக்சியில் ஒரு சுற்று விட்டு, மாவுச் சல்லடையில் சலித்தாள்.

முதல் அடக்கத்திலேயே ஒரு கிழவி, மண் மணக்கிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மணக்காமல் என்ன, அது லாவெண்டர் சேர்த்த மணல். இஸ்ரவேல் குப்பியை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் முகம் வெளிறியது. பிறகு கண்ணை மூடி, கம்பீரமாகத் தலையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு அதையே சாட்சியாகவும் சொல்லிவிட்டார். எடுக்க எடுக்கக் குறையாத குப்பி என்று அதற்கொரு பெயரும் வந்தது. குறைவதற்குள் செலின் டிரம்மைத் திறந்துவிடுவாள், வேறென்ன.

அவரோடு யாத்திரை போய்வந்த கிளமெண்ட் மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இஸ்ரவேல் மண்ணின் மகிமையை எடுத்தால், மீசைக்குள் சிரித்துக்கொண்டே காப்பியை ஆற்றுவார்.

இப்போது அந்த மீசையை யாரோ நேர்த்தியாக வாரிவிட்டிருந்தார்கள்.

ஊர்பேர் தெரியாதவர்களுக்குத் தூவியதையாவது கர்த்தர் பொறுத்துக்கொள்வார். வீட்டில் ஒருவராய் இருந்த கிளமெண்டுக்குமா? சொல்லிவிட வேண்டும். இப்போதே.

"அங்கிள், ஜல்தி போடுங்க. வண்டிக்கார பையா கத்துறான்" என்றாள் கிளமெண்டின் மகள் ஜெனிஃபர்.

இஸ்ரவேல் குப்பியைச் சாய்த்தார். நிறுத்தினார். மூடியைத் திருகி மூடிவிட்டார்.

கண்டுபிடித்துவிட்டார். செலின் வாயைத் திறந்தாள்.

அவர் அவள் காதருகே குனிந்தார். "இவனுக்கு மட்டும் முடியலட்டி. அங்க கடை கடையா ஏறி எறங்குனதுல மண்ணு அள்ளவே மறந்துட்டோம். ஏர்போர்ட்ல இருந்து இவன இங்க வீட்டுல எறக்கிவிட வந்தப்ப, நம்மூரு லோதி ரோட்டுல கேபிளுக்குத் தோண்டுன பள்ளத்துல நான்தான் அள்ளுனேன். பைய விரிச்சுப் பிடிச்சவனே இவன்தான்."

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"சாக்கடை நாத்தம் அடிச்ச மண்ணுட்டி அது. வீட்டுக்கு வந்ததும் வெளுத்துச்சு, மணத்துச்சு, குறையவும் மாட்டேங்கு. ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாருன்னுல்லா நெனச்சேன். இவன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலியே..."

தொண்டைவரை வந்திருந்த உண்மையை செலின் விழுங்கினாள்.

காலையில் புது மணல் பையை டிரம்மில் கொட்டும்போது, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்திருந்தாள். தயாரிப்பு: துருக்கி. ஹாலில் அவர் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் யாத்திரை வரைபடத்தில், துருக்கி எருசலேமுக்கு மேலே நாலு விரற்கடைதான். லோதி ரோடு அந்தப் படத்திலேயே இல்லை.

அவர் கையிலிருந்து குப்பியை வாங்கினாள். சிட்டிகையெல்லாம் பார்க்காமல், கிளமெண்டின் நெஞ்சின்மேல் தாராளமாகத் தூவினாள். லாவெண்டர் மணந்தது. ஜெனிஃபர் விசும்பினாள்.

குனிந்து நின்ற இஸ்ரவேலின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.

மண் சட்டென்று கட்டி பிடித்தது.

செலின் மாலையிலிருந்து ஒரு ரோஜாவைக் கிள்ளி, யாரும் பார்ப்பதற்குள் அதன்மேல் வைத்தாள்.