காய்ந்த ஓரம்

பதினோராவது ஸ்லைடில் கை நின்றது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மைக்ராஸ்கோப்புக்குப் புது லென்ஸ் வந்து இரண்டு நாள். முடிவு தெரிந்த பழைய ஸ்லைடுகளைப் போட்டு, ஒத்துப்போகிறதா என்று பாருங்கள் டாக்டர் என்றிருந்தார்கள். காலையிலிருந்து அதே வேலை. கண் எரிந்தது. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடந்தது.

பழைய லென்ஸில் ஒரு நேரத்தில் கடுகளவு இடம்தான் தெரியும். வயலை உழுகிற மாதிரி வரிவரியாக நகர்த்த வேண்டும். நாளைக்கு நாற்பது ஸ்லைடு. ஓரத்துக்கு வருவதற்குள் கழுத்து விட்டுப்போகும்.

ஓரத்தில் செல்கள் காய்ந்திருக்கும், அதை நம்பக் கூடாது. இந்த வேலையில் எல்லோரும் சொல்வதுதான். அவளும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

இந்த லென்ஸுக்கு யார் சொன்னார்கள்? ஸ்லைடு முழுவதையும், ஓரத்தோடு சேர்த்து, ஒவ்வொரு செல்லும் தெரியத் திரையில் கொட்டிவிட்டது.

வலது ஓரத்தில் ஒரு கொத்து. காய்ந்தவை அல்ல.

புற்று.

சண்முகக்கனி, வயது 43, மார்பில் கட்டி. இரண்டு வருஷத்துக்கு முந்தையது. ரிப்போர்ட்டில் ‘புற்றுநோய் செல்கள் இல்லை’. கீழே அவள் கையெழுத்து.

ஆளை நினைவிருந்தது. ரிப்போர்ட் வாங்கிப்போன மறுவாரம், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து, திருச்செந்தூர் இலை விபூதியைக் கையில் திணித்துவிட்டுப் போனவள்.

அறையில் யாரும் இல்லை. இந்த ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது.

சீ, என்ன புத்தி இது.

பழைய சீட்டில் இருந்த நம்பரைப் போட்டாள். தன் பேரைச் சொன்னதுமே அந்தப் பக்கம் குரல் பூரித்துப்போனது.

“ஊசி குத்திப் பாத்த டாக்டரம்மாவா! நல்லா இருக்கியளா?”

“அந்தக் கட்டி இப்ப எப்படிம்மா இருக்கு?”

“அது கெடக்கு தாயி. கொஞ்சம் பெருசானாப்புல இருக்கு. நீங்கதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டியளே, பெறவு எனக்கென்ன பயம்?”

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடிக்காமல் வைத்தாள்.

“நாளைக்குக் காலையில வாங்கம்மா. நான் மறுபடியும் பாக்கணும். கட்டாயம் வாங்க.”

“வாறேன், வாறேன். ஒங்களுக்குத்தான் என்னை அடையாளமே தெரியாது. அன்னைக்கு மொட்டையோடல்லா பாத்திய? இப்ப முடி தோள் வரைக்கும் வந்துட்டு.”