கிரேனின் இடுப்பு

"நீங்க ஒரு பக்கம் சாயறீங்க, தொப்பை ஒரு பக்கம் போகுது. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றாள் அம்மா, உள்ளறையில் தையல் மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமலே.

கூடத்தின் நடுவில் அப்பா. கையில் மணல் நிரப்பிய பெயின்ட் டப்பா. வலப்பக்கம் சாய்வார், நிமிர்வார். கை மாற்றி இடப்பக்கம் சாய்வார், நிமிர்வார்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்கலைக்கழகத்தில் எந்த விவாதமானாலும் மேடையேறுகிறவள். வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்றே பெயர்.

"ஏம்மா, இதையே அப்பா உன்னைப் பார்த்துச் சொன்னா சும்மா இருப்பியா? ஆம்பளை உடம்புன்னா யாரும் என்ன வேணா சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லட்டுமே, வக்கீலம்மா. எனக்கும் ஒரு டப்பா வாங்கிட்டு வரச் சொல்லு."

அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஃப்ரிட்ஜைத் தனியாளாக முதுகில் ஏற்றுவதைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பெயர் கிரேன். போன வருஷம் ஒரு பீரோவோடு மாடிப்படி வளைவில் திரும்பினார். திரும்பியது பீரோ மட்டும்தான். இடுப்பு பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் படுத்த படுக்கை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கு வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அப்படிப் பிழைத்து எழுந்த மனிதரிடம் போய், கல்யாண ஃபோட்டோவில் இருக்கிற இடுப்பு எனக்குத் திரும்ப வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறாளே. மகளின் ஆத்திரம் அதுதான்.

"அப்பா, நான் படிச்சுப் பார்த்துட்டேன். கனத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கவாட்டில சாஞ்சா, அங்கே இருக்கிற தசைக்கு பலம் வரும். இடுப்பு சிறுக்காது. கொஞ்சம் பெருத்தாலும் பெருக்கும்."

"போடி. என் பேன்ட்டெல்லாம் லூசாகுது, பாரு" என்று அவர் இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

வக்கீல் சாட்சிக்குப் போனாள். அம்மாவின் அளவு டேப்பை எடுத்து வந்து அப்பாவைச் சுற்றினாள். ஆரம்பத்தில் அம்மா அளந்து சுவரில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தது முப்பத்தெட்டு. இப்போது முப்பத்தொன்பது.

ஜெயித்தாயிற்று. ஜெயித்த குஷியில் வழக்கம்போல அவளுக்குக் காது சூடாயிற்று.

அப்பாவின் முகம்தான் விழுந்துவிட்டது. உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். டப்பாவை ஓசைப்படாமல் கீழே வைத்தார். "அப்ப இனிமே இது எதுக்கு" என்றார்.

தையல் மெஷின் நின்றது.

அம்மா எழுந்து வந்து டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "இதையா எடுத்தே? சட்டைப் பையில கிடந்ததைக் கவனிக்காம வெந்நீர்ல போட்டுட்டேன். சுருங்கிக் கிடக்கு. இதுல அளந்தா எலும்புக்கூடுகூட நாப்பது காட்டும்."

அப்பா டப்பாவைப் பார்த்தார். டப்பா அவரைப் பார்த்தது. அடுத்த நிமிஷம் மறுபடி சாய ஆரம்பித்துவிட்டார், பாட்டு வேறு.

மகள் விடுவாளா? அதே டேப்பால் நேற்றுத்தானே பக்கத்து வீட்டுக்காரிக்கு அளவெடுத்தாய் என்று கேட்க, அம்மாவின் பின்னாலேயே உள்ளறைக்குப் போனாள்.

மெஷின் ஊசிக்குக் கீழே அப்பாவின் பேன்ட். பின்பக்க இடுப்புத் தையல் பிரிந்து கிடந்தது.

"கதவைச் சாத்து" என்றாள் அம்மா.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இடுப்புக்குப் பக்கவாட்டில் பலம் ஏற்றாவிட்டால் அடுத்த பீரோவோடு ஆள் முடிந்தார் என்று டாக்டர் சொன்னாராம். அதை இவள் எடுத்துச் சொன்னதும், கிரேனுக்கே பலம் போதாதா என்று அவருக்கு ரோஷம் வந்து, சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாராம்.

"பலம் வேணும்னு சொன்னா அவருக்குக் கோபம் வருது. அழகாயிடுவீங்கன்னு சொன்னா வெட்கம் வருது. வெட்கம் வந்தா டப்பாவைத் தூக்குறார். அதான் அப்பப்ப தையலைப் பிரிச்சுக் கொஞ்சம் தளர்த்திடறேன்."

"உள்ளே விட்ட துணி தீர்ந்துட்டா?"

"அதுக்குள்ள அவருக்குப் பழகிடும். நீ வாதாடிக் கெடுக்காம இரு, அது போதும்."

வக்கீல் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"டேப் சுருங்கித்தான்பா இருக்கு. நான்தான் கவனிக்கலை."

அப்பா டப்பாவை இறக்கினார். உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று, தான் போட்டிருந்த பேன்ட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, நடுவில் மட்டும் உள்ளே மடிந்திருந்த துணி பட்டையாகக் கறுத்துத் தெரிந்தது.

"லாரியில வர்றவன் ஒவ்வொருத்தனும் இதென்ன கோடுன்னு கேட்கறான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இதைச் செய்யறீங்க? அம்மா உங்களை இவ்வளவு கேலி பண்றாங்களேப்பா."

"மெதுவாப் பேசு, கேட்டுடப் போகுது." அவர் டப்பாவை எடுத்து, தொப்பையை வேண்டுமென்றே கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டார்.

"போன வருஷம் நான் படுத்துக் கிடந்தப்போ உங்கம்மா ஒரு நாள்கூட என்னைக் கேலி பண்ணலை. வலியைவிட அதுதான்டி எனக்கு பயமா இருந்துச்சு."