பதினாறு கட்டங்கள்

"பதினாறு கட்டத்துல ஒண்ணுலகூட நீ இல்லையே கண்ணு."

அறிவியல் டீச்சர் நோட்டைத் திருப்பி அந்தப் பெண் பக்கம் வைத்தாள். பள்ளி விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பு அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

எதிரே நின்றவளுக்கு வகுப்பு வைத்த பெயர் 'ஸ்கேல்'. தேதிக்கு அடிக்கோடு போடக்கூட ஸ்கேல் தேடுகிற பெண். அவளா இப்படித் தப்புப் போட்டாள் என்பதுதான் டீச்சருக்கு இடித்தது.

நேற்றுதான் பாடம். பட்டாணியின் நிறமும் வடிவமும் எப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்று பதினாறு கட்டம் போட்டுக் காட்டினாள். பட்டாணியோடு விட்டால் பாதி வகுப்பு தூங்கிவிடும். அதனால் மனிதர்களுக்கு வந்தாள்.

"கன்னத்துல குழி விழுந்தா ஓங்கு பண்பு, விழலன்னா ஒடுங்கு பண்பு. காது மடல் தொங்கினா ஓங்கு. என்னோடது மாதிரி ஒட்டியிருந்தா ஒடுங்கு. ஓங்கு பண்பு அப்பா, அம்மா ஒருத்தர்கிட்டயாவது இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். நிஜத்துல இவ்வளவு சுலபமில்ல, கணக்குப் பழக இப்படி வச்சுக்குவோம்."

"மிஸ், உங்களுக்குக் குழியும் இல்லையே," என்றான் கடைசி பெஞ்சு வாலு. "ரெண்டுமே ஒடுங்கிடுச்சா, பாவம்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தாள், குழி விழாமல்தான். வீட்டுப்பாடம் கொடுத்தாள்: மேலே அப்பா, பக்கத்தில் அம்மா, நடுவில் உங்களைக் கண்டுபிடியுங்கள். திருத்தி முடித்ததும் எல்லோருடையதும் வகுப்புச் சுவரில் ஏறும்.

அதில்தான் ஸ்கேல் மாட்டிக்கொண்டாள்.

"இங்க பாரு. அப்பாவுக்குக் குழியும் இல்ல, மடலும் தொங்கல. அது சரி. அம்மாவுக்கும் ரெண்டும் இல்லன்னு போட்டிருக்கே. அப்ப உனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?"

ஸ்கேல் உதட்டைக் கடித்தாள். இரண்டு கன்னத்திலும் குழி எட்டிப் பார்த்தது.

இந்தப் பெண்ணின் அம்மா இறந்து நான்கு வருடம். ஒன்பது வயதில் பார்த்த முகம். மறந்துவிட்டதோ? மறந்ததைச் சுவரில் ஒட்டி ஊருக்கே காட்ட வேண்டுமா? இப்படி ஒரு பாழாய்ப்போன வீட்டுப்பாடத்தை யார் கொடுக்கச் சொன்னார்கள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அம்மா போட்டோ நான் பாத்திருக்கேன்டா," என்றாள் மெதுவாக. "சிரிச்சா ரெண்டு பக்கமும் குழி. காதும் அப்படியே உன்னோடதுதான். மறந்துபோனா ஒண்ணும் தப்பில்ல. நான் ஞாபகப்படுத்துறேன். இதை அழிச்சுட்டுப் புதுசா போடலாம், வா."

ரப்பரை நீட்டினாள். ஸ்கேல் வாங்கவில்லை.

"மறக்கல மிஸ்."

"பின்ன ஏன்டா இப்படி?"

"அவங்கதான் என் கன்னத்துலயே இருக்காங்களே. தினமும் கண்ணாடில பாக்குறேன்." அவள் நோட்டில் விரல் வைத்தாள். "ஆனா இதுல ஒரு அம்மாவுக்குத்தான் இடம் இருக்கு."

டீச்சருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "இதுக்கு நான் மார்க் போட முடியாதே கண்ணு."

"போடாதீங்க மிஸ். சுவத்துல மட்டும் ஒட்டிடுங்க."

வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது. ஸ்கேலின் அப்பா வந்துவிட்டார். அவள் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். படி இறங்கும்போதுதான் அம்மா கட்டத்தை இன்னொரு தடவை பார்த்தாள். குழி இல்லை, ஒட்டிய மடல். அவள் கை தானாகத் தன் காதுக்குப் போனது.

எட்டு மாதத்துக்கு முன் அப்பா டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, வீட்டிலும் அவளை 'மிஸ்' என்றே கூப்பிட்டு, காரில் அப்பா பக்கத்து சீட்டையும் விட்டுக்கொடுக்காத பெண், இன்று தானே பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"நீங்க முன்னாடி உக்காருங்க, அம்மா."