நான்கு மணிக்கு மேசை

தினமும் மாலை நான்கு மணிக்குப் பூனைக்குட்டி ஏன் சாப்பாட்டு மேசைமேல் ஏறுகிறது என்பது எலக்ட்ரீஷியனுக்குப் பிடிபடவே இல்லை. பத்து நிமிடம் கழித்துத் தானாகவே இறங்கிவிடும்.

“நாளைக்கும் ஏறுச்சுன்னா உங்க அக்கா வீட்டுக்கே திருப்பி அனுப்பிடுவேன்,” என்றாள் மனைவி.

“பொறும்மா. பிசுபிசுன்னு பாதத்துல ஒட்டினா பூனைக்கு ஆகவே ஆகாது,” என்று விளக்கியவர், இருபக்கமும் ஒட்டும் அகலமான டேப்பை மேசை விளிம்பில் ஒட்டினார். மிச்சத்தைச் சோபாவிலிருந்து மேசைவரை தரையில் ஒட்டினார்.

மறுநாள் நான்கு மணிக்குக் குட்டி நாற்காலி வழியாகத் தாவி, விளிம்பு டேப்பை மிதித்துக்கொண்டே மேசையேறி நடுங்கியது. இருவரும் சமையலறை வாசலிலிருந்து பார்த்தார்கள். தரையில் ஒன்றுமே இல்லை.

பிறகு அவர் தரை டேப்பைக் குனிந்து பார்த்தார். சோபாவின் அடியிலிருந்து மேசைக்கால்வரை, தூசி படிந்த மனிதக் கைத்தடங்கள்.

“குட்டியை அனுப்ப வேணாங்க,” என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் நான்கு மணி ஆனதும் மூவரும் மேசைமேல் ஏறிக்கொள்கிறார்கள். பத்து நிமிடம்தான். குட்டி இறங்கியதும் இறங்கிவிடுகிறார்கள்.