நொடிக்கு முப்பது படம்

படுக்கையறையின் வெறும் சுவரைப் போட்டோக்காரர் விடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பட்டனை அழுத்திய விரல் மேலே எழவே இல்லை. கேமராவிலிருந்து சத்தமும் இல்லை. திரையின் மூலையில், இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்ற எண் மட்டும் சரசரவென்று இறங்கியது.

"சுவத்துக்கு என்ன கல்யாணமா? இத்தனை போட்டோ எடுக்கிறீங்க?" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"கார்டு சரியா இருக்கான்னு பாக்கிறேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். காது மடல் சுட்டது.

கார்டுக்கு ஒரு குறையும் இல்லை. முந்தின நாள் ஓட்டப் பந்தயம் முழுக்க அதில்தான் இருந்தது. கடைசி வளைவில் எடுத்ததை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, கார்டைத் துடைத்துவிட்டார். ஆனால் துடைத்த படத்தையும் தோண்டி எடுக்க வழி உண்டு என்பது தொழில்காரருக்குத் தெரியாதா? மேலே வேறு படங்களைக் கொட்டி மூடிவிட்டால் தோண்ட ஒன்றும் மிஞ்சாது. அதற்குத்தான் சுவர்.

காலையில் விளையாட்டுச் சங்கத்திலிருந்து போன் வந்திருந்தது. "கடைசி வளைவுல ஒரு பையன் விழுந்து கை உடைஞ்சிருக்கு சார். உங்க தம்பி மகன் தள்ளிவிட்டான்னு புகார். நீங்க எடுத்த படமெல்லாம் வேணும். நாளைக்கு விசாரணை."

சின்ன சென்சார் என்று மற்றவர்கள் கேலி செய்யும் கேமராதான். ஆனால் நொடிக்கு முப்பது படம் எடுக்கும்; தூரத்தில் இருப்பதைக் கைக்கெட்டும் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு வரும். இழுத்துக்கொண்டு வந்திருந்தது. பக்கத்தில் ஓடியவனின் முழங்கால் மடங்கியிருக்க, தம்பி மகனின் கை அவன் தோளில் இருந்தது. விரல் நகம்கூடத் தெரிந்தது.

அந்த ஒரு படம் போதும் அவருக்கு. அடுத்ததைத் தள்ளிப் பார்க்க மனம் வரவில்லை.

அப்பா காலத்திலிருந்து அந்த ஸ்டூடியோவில் ஒரு மருவைக்கூட மறைத்ததில்லை. 'எங்க வீட்டுப் படம் பொய் சொல்லாது' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வாழ்ந்த குடும்பம். இப்போது சொந்த வீட்டுப் பையனே தலைகுனிய வைத்துவிட்டானே. சுவரை எடுத்து முடித்தபோது விரல் மரத்துப் போயிருந்தது.

மறுநாள் சங்கத்து வராந்தாவில் இன்னொரு போட்டோக்காரரும் உட்கார்ந்திருந்தார். எங்கு போனாலும் பெரிய சென்சார் உள்ள தன் 'ஃபுல் பிரேம்' கேமராவின் பெருமையையே பேசுவதால் அவருக்கு அதுவே பெயர்.

"என்னோடது ஆமை அண்ணே. விழறதுக்கு முன்னாடி ஒண்ணு, விழுந்து கிடக்கிறப்ப ஒண்ணு. நடுவுல நடந்தது உங்க குதிரையிலதான் இருக்கணும்."

"பஃபர் நிறைஞ்சிருச்சுப்பா. வேகமா எடுத்தா கார்டுல ஏத்தி முடிக்க முடியாம மூச்சு முட்டி நின்னுடுது. சரியா அந்த நேரத்துல நின்னுடுச்சு."

"உங்க குதிரையா? நூறு படம் வரைக்கும் நிக்காதுன்னு போன மாசம்தானே சொன்னீங்க?"

"நின்னுடுச்சுன்னு சொல்றேன்ல."

ஃபுல் பிரேம் அதற்குமேல் கேட்கவில்லை. பெரியவர் வாயிலிருந்து வந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கைதான் போட்டோக்காரரைக் குத்தியது.

உள்ளே விசாரணை நடத்திய சங்கத் தலைவி அம்மாவிடமும் அதையே சொன்னார். இரண்டாவது தடவை பொய் சுலபமாக வந்தது; அதை நினைத்துத்தான் கூசினார். மேஜைக்கு எதிரே நின்ற தம்பி மகன் சட்டென்று அவரைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. பிழைத்துவிட்டோம் என்ற திகைப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "தடுக்கி விழப்போனவனைப் பிடிக்கத்தான் கை நீட்டினேன்னு இவன் சொல்றான். விழுந்த பையனுக்கோ, தோள்ல ஏதோ பட்டதைத் தவிர ஒண்ணும் தெரியல. தள்ளினான்னு ரெண்டு பேர் எழுதிக் குடுத்திருக்காங்க. படமும் இல்லேன்னா அவங்க சொல்றதைத்தான் எடுத்துக்கணும். ரெண்டு வருஷம் எந்தப் பந்தயத்துலயும் ஓடக் கூடாது."

பிடிக்கப் போனானாம். என்ன துணிச்சல். பயலுக்குப் பொய்கூடச் சரளமாக வருகிறது என்று போட்டோக்காரருக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கிப் போயிற்று. அதைச் சொல்ல இனி அவருக்கு என்ன யோக்கியதை?

வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்து மாடிப்படி ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும். அதை நினைச்சு அழாதே. அந்தப் படம் இவங்க கையில கிடைச்சிருந்தா காலத்துக்கும் நீ தலைநிமிர முடியாது."

"எந்தப் படம்?"

"தெரியாத மாதிரி கேக்காதே. உன் கை அவன் தோள்ல இருக்கிறது அப்பட்டமாத் தெரிஞ்சுது. ஒண்ணு விடாம அழிச்சுட்டேன். உனக்காக நான் செஞ்ச பாவம், என்னோடயே போகட்டும்."

அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். கீழே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை; பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் படங்களை வாங்கிப் பாருங்கன்னு இவங்ககிட்டக் கெஞ்சினதே நான்தான், பெரியப்பா."