கூண்டுக் குரங்கு

செஞ்சி கடைத்தெரு மளிகைக்காரர் சொக்கலிங்கம், குழந்தைகள் பத்திரிகையின் படக்கதையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இன்னா மாப்ள, இந்தப் பத்திரிகைக்காரங்க போட்ட ராஜா கதைய ஒரு புள்ளகூட சீண்டல. இந்தக் கூண்டுக் கொரங்குக்கு மட்டும் ஏன் இவ்ளோ கிராக்கி?”

“நெசத்தப் பாத்து வரைஞ்சிருப்பாங்க மாமா,” என்றார் வீட்டோடு மாப்பிள்ளை ஆதிநாராயணன், விரலில் இருந்த மையைத் துடைத்தபடி. “நான் ஒரு நடை மெட்ராஸ் போய்ட்டு...”

“கடைய யாரு பாக்கறது? மூட்டையப் பிரிங்க.”

அடுத்த வார இதழில், குரங்கு பெண்டாட்டி பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டது. கூண்டுக்காரக் கரடி, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியோடு திருதிருவென்று விழித்தது.

“மாப்ள! கொரங்கு தப்பிச்சிடுச்சு!”

மாப்பிள்ளையைக் காணவில்லை.

“சாரதா!”

மகளும் பேரப்பிள்ளையும் வரவில்லை.

சொக்கலிங்கம் தன் மூக்குக்கண்ணாடியின் நூலைக் காதில் இழுத்து மாட்டிக்கொண்டு தேடினார். பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ் ஹாரன் அடித்தது.